உழக்கு எண்ணெய் விளக்கு

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

கடல் இல்லாத ஊர்க்காரன் கலங்கரை விளக்கம் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும்! என் ஊர் குன்றாண்டார்கோவில். வான் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம். நிறையாவிட்டால் கருவேல முள். எங்கள் பக்கத்தில் அலை என்று ஒன்று உண்டென்றால் அது சித்திரை மாதத்து உச்சி வெயிலில் பொட்டலின் மேல் நெளிந்தாடும் கானல் அலைதான். பதினெட்டு வயது வரை நான் கடலைப் பார்த்தது திரைப்படத்தில் மட்டுமே. ஆயினும் இக்கட்டுரையை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் எங்கள் வகுப்பின் கடைசி இருக்கையில் அமர்ந்திருந்தான். அவனைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். முதலில் குன்று.

எங்கள் ஊருக்குப் பெயர், முகவரி, பெருமை மூன்றையும் கொடுத்தது அந்தக் குன்றுதான். அதன் வயிற்றைக் குடைந்து சிவபெருமானுக்குக் கோயில் எடுத்திருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, நந்திவர்மப் பல்லவமல்லன் காலத்தது என்பர். பின்னாளில் அதன் முன்னே எழுப்பிய மண்டபம் சக்கரங்களோடும் பாயும் குதிரைகளோடும் ஒரு தேரைப் போலவே நிற்கிறது. சித்தன்னவாசலுக்கும் குடுமியான்மலைக்கும் திருமயத்துக்கும் செல்கின்ற பயணிகளில் பத்தில் ஒருவர் கூட எங்கள் ஊர்ப் பக்கம் திரும்புவதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் குறை. அது போகட்டும். ஊர்க்காரர்களுக்கு அந்தக் குன்று கலைச் சின்னம் அன்று, அடையாளம். மாடு தேடிப் போனவனும், சந்தைக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிறவனும் குன்றை வைத்துத்தான் திசை பிடிப்பார்கள். “குன்று வலக்கைப் பக்கம் இருந்தா வீடு நேர” என்று என் அப்பத்தா சொல்லும். வலமா இடமா என்பது எந்தப் பொட்டலில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதை அப்பத்தா சொல்லாது. தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் எண்ணம்.

இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் தமிழ் வகுப்பு. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துக் கடற்கரையை நடத்திக்கொண்டிருந்தார் எங்கள் பேராசிரியர். “கலங்கரை விளக்கம்” என்ற தொடர் வந்தது. கலம் என்றால் மரக்கலம். கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைந்தது என்கிறோம் அல்லவா? ஆகவே கலங்களைக் கரைந்து அழைக்கும் விளக்கம் என்று அவர் பிரித்துக் காட்டியபோது வகுப்பே ஒரு கணம் அடங்கியிருந்தது. ஒளிக்குக் குரல் கொடுத்த மொழி நம் மொழி! பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையும் கடற்கரைப் பட்டினம் ஒன்றில் வானளாவிய மாடத்தின் உச்சியில் இரவில் ஏற்றி வைத்த விளக்கைப் பேசுகிறது என்றார். பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். எகிப்து நாட்டில் அலெக்சாந்திரியத் துறைமுகத்தில் கிறித்து பிறப்பதற்கு முந்திய மூன்றாம் நூற்றாண்டில் கட்டிய பாரோசு கோபுரத்தை உலக அதிசயங்களுள் ஒன்றாக எண்ணினார்கள். நில நடுக்கங்களில் அது இடிந்து போயிற்று. நம் கோபுரங்கள் இருந்த இடமும் தெரியவில்லை. சொல் மட்டும் இருக்கிறது. இப்படி அவர் சொல்லிக்கொண்டே போனபோது கடைசி இருக்கையிலிருந்து ஒரு குரல்.

“ஐயா, எங்க ஊர்ல அதை லைட் அவுசுன்னுதான் சொல்லுவோம். பாக்குறது இல்லீங்கய்யா, எண்ணுறது.”

சிரிப்பு எழுந்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. “எண்ணுவதா? எப்படி? இங்கே வந்து சொல்” என்று அவனை முன்னே அழைத்துவிட்டார். அவன் ஜெகதாப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டு என்பதையே மேற்குப் பக்கத்துக்காரர்களாகிய நாங்கள் மறந்துவிடுவதுண்டு. கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று பாக் நீரிணையை ஒட்டி ஒரு நீண்ட கரை இருக்கிறது.

அவன் சொன்னது இதுதான். இருட்டில் கடலில் இருப்பவனுக்குக் கரையில் தெரியும் எல்லா விளக்கும் ஒன்றுபோல்தான். தெரு விளக்கா, ஐஸ் கம்பெனி விளக்கா, கோயில் விளக்கா என்று தெரியாது. ஆனால் கலங்கரை விளக்கம் விட்டு விட்டு மின்னும். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் மின்னும் கணக்கு வேறு. ஒன்று ஒரு முறை மின்னி ஓயும். இன்னொன்று இரண்டு முறை அடுத்தடுத்து மின்னிவிட்டு ஓயும். அந்த ஓய்வு எத்தனை வினாடி என்பதும் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆகவே எண்ணினால் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். “எங்க அப்பா வாய்விட்டு எண்ணுவாரு. நடுவுல யாரும் பேசக்கூடாது” என்று முடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். அன்று மாலையே நான் அவனுடைய விடுதி அறைக்குச் சென்றேன். அன்று தொடங்கிய நட்பு.

அடுத்த டிசம்பரில் எங்கள் துறையின் கல்விச் சுற்றுலா மாமல்லபுரத்துக்கு. கடற்கரைக் கோயிலும் ஐந்து இரதங்களும் அருச்சுனன் தவமும் அனைவரும் பார்ப்பவை, எழுதுபவர்களும் பலர். நான் சொல்ல வந்தது அந்த ஊர்க் குன்றின் மேல் இருப்பதை. மகிடாசுரமர்த்தினி குகை என்று ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் சிங்கத்தின் மேல் அமர்ந்து போரிடும் தேவி. எதிர்ப் பக்கம் அறிதுயிலில் பள்ளிகொண்ட திருமால். போரும் உறக்கமும் ஒரே குகையில்! அந்தக் குகைக்கு நேர் மேலே, பாறையின் உச்சியில், சிகரம் இழந்து நிற்கிறது ஒரு சிறிய கற்கோயில். இராசசிம்மன் காலத்தது என்பர். சுவரில் கயிலையைத் தூக்கும் இராவணன் இருக்கிறான். மக்கள் அதை ஒலக்கணேசுவரர் கோயில் என்கிறார்கள். அதன் பக்கத்திலேயே, அதே பாறையில், வட்டமான கருங்கல் கோபுரமாக இன்றைய கலங்கரை விளக்கம்.

எனக்கு மெய்சிலிர்த்தது. கீழே பல்லவர் குடைவரை, மேலே குன்று: இது என் ஊர் அல்லவா! ஆனால் என் ஊரில் அதற்கு மேல் வானம்தான்; இங்கே அதற்கு மேல் ஒரு விளக்கு.

ஒலக்கணேசுவரர் என்ற பெயருக்கு அவ்வூரில் ஒரு விளக்கம் சொல்வதுண்டு. உழக்கு எண்ணெய் ஈசுவரர் என்பதே தேய்ந்து அப்படி ஆயிற்றாம். உச்சியில் விளக்கெரிக்க வீட்டுக்கு உழக்கு எண்ணெய் கொடுத்தார்களாம். சொல்லாராய்ச்சிக்காரர்கள் இதை ஏற்பார்களோ மாட்டார்களோ, எனக்கு இது பிடித்துப் போயிற்று. காரணம் இருக்கிறது. நம் நாட்டுக் கோயில் கல்வெட்டுகளைப் படிப்பவர்களுக்கு உழக்கு பழகிய சொல். சோழர் காலத்தில் ஒருவர் கோயிலுக்கு நந்தா விளக்கு ஒன்று வைக்க விரும்பினால் 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுப்பார். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகள் சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை என்று எழுதி வைத்தார்கள். அதாவது கிழடு கழிந்தால் குட்டி அந்த இடத்தைப் பிடிக்கும், மந்தையின் எண்ணிக்கை குறையாது, விளக்கு அணையாது. உழக்கு என்றால் கால் படி. கால் படி நெய்க்குப் பின்னால் தொண்ணூறு ஆடும், ஒரு குடும்பமும், தலைமுறை தலைமுறையான ஒரு பொறுப்பும் இருந்தன. விளக்கேற்றுவது எளிது. அதை ஏற்றிக்கொண்டே இருப்பதற்குத்தான் ஏற்பாடு வேண்டும்.

ஆங்கிலேயர் காலத்தில் அந்தக் கோயிலின் தலையிலேயே விளக்கு வைத்துவிட்டார்கள். 1887ஆம் ஆண்டு முதல் அது கலங்கரை விளக்கமாகப் பயன்பட்டது. கோயிலின் மேல் கப்பல் விளக்கு வைத்தது முறையா என்று எங்களுக்குள் பேருந்தில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. பெரும்பாலோர் தகாது என்றனர். நான் மறுபக்கம் நின்றேன். ஏற்கெனவே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மாலுமிகள் அந்த ஊர்க் கோயில்களைப் பார்த்தே திசை பிடித்து வந்திருக்கிறார்கள். ஐரோப்பிய மாலுமிகள் அவ்வூரை ஏழு கோயில்கள் என்றே அழைத்தனர். கடலிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தது கோயில்தானே! பகலில் வழி காட்டியதன் தலையில் இரவுக்கு ஒரு விளக்கு வைத்தார்கள், அவ்வளவுதான். நல்லவேளையாகப் பின்னர் பக்கத்தில் தனிக் கோபுரம் கட்டினார்கள். 1904 முதல் அது முழுமையாகச் செயல்படுகிறது. அந்தக் கோபுரத்தையும் கல்லாலேயே கட்டினார்களே, அது பாராட்டத்தக்கது. இல்லையென்றால் அந்தப் பாறை மேல் அது ஒரு ஒட்டுத் துணியாக இருந்திருக்கும். இன்று மாமல்லபுரத்துக்கு வரும் பேருந்துக்காரர்களுக்கும் ஊர் தூரத்தில் தெரிய வரும்போது முதலில் தெரிவது அதுதான்.

சீட்டு வாங்கிக்கொண்டு மேலே ஏறினோம். வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஏறும் படிகள். கடைசியில் குனிந்து நுழையும் ஓர் ஏணிப்படி. பிறகு சில்லென்ற காற்று. கிழக்கே நீலம். மேற்கே பாறையும் பனையும் ஊரும். கீழேயிருந்து சிற்பிகளின் உளிச் சத்தம் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. அங்கு பணியில் இருந்தவர் எங்கள் கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொன்னார். நான் எண்ணியிருந்ததுபோல் விளக்கு அணைந்து அணைந்து எரிவதில்லையாம். விளக்கு தொடர்ந்து எரிகிறது. அதைச் சுற்றியுள்ள கண்ணாடி வில்லைகள்தாம் சுழல்கின்றன. கூம்பிய ஒளிக்கற்றை நம்மை நோக்கித் திரும்பும்போது மின்னல், விலகும்போது இருள். அந்த வில்லை முறையைக் கண்டவர் பிரான்சு நாட்டு அறிஞர் பிரெனெல். ஒரே பெரிய தடித்த கண்ணாடி வில்லைக்குப் பதிலாக, வளையம் வளையமாக மெல்லிய பட்டகங்களை அடுக்கி, நாலா பக்கமும் சிதறிப் போகும் ஒளியைத் திரட்டி ஒரே பக்கம் செலுத்தினார். 1823இல் முதன்முதலாக அவருடைய வில்லை பிரான்சின் கார்துவான் கலங்கரை விளக்கத்தில் ஏற்றப்பட்டது. அதன்பின் உலகம் முழுவதும் அதுவே. சிறிய விளக்கின் ஒளி பல கல் தொலைவு செல்வதன் இரகசியம் விளக்கில் இல்லை. அதைச் சூழ்ந்த கண்ணாடியில் இருக்கிறது.

கணிதத் துறை நண்பர்களுக்காக இன்னொன்று. பூமி உருண்டை என்பதால் எவ்வளவு உயரத்தில் நிற்கிறோமோ அதைப் பொறுத்தே தொடுவானம் விலகும். 25 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் தொடுவானம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். அது இரு மடங்காக வேண்டுமென்றால் உயரம் இரு மடங்கானால் போதாது; நான்கு மடங்காக, 100 மீட்டராக வேண்டும். ஆகவேதான் கலங்கரை விளக்கம் கட்டுகிறவன் முதலில் ஒரு குன்றைத் தேடுகிறான். குன்று கிடைத்தால் பாதிக் கோபுரத்தை இயற்கையே கட்டிக் கொடுத்ததாக ஆகிறது. குன்று இல்லாத சென்னையில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1796இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு மாடிக் கட்டடத்தின் உச்சியில் எண்ணெய் விளக்கு. 1844இல் அதற்கெனவே ஒரு கல் தூண். 1894இல் உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சி. 1977 முதல் மெரினாவில் மின்தூக்கி வைத்த இன்றைய கோபுரம். நீதி வழங்கும் கட்டடத்தின் தலையில் கப்பலுக்கு வழிகாட்டும் விளக்கு இருந்தது என்பதை நம் கவிஞர்கள் எப்படி விட்டுவைத்தார்கள் என்று தெரியவில்லை! ஆனால் ஒளி நண்பனையும் பகைவனையும் பிரித்து அறியாது. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு வீசியபோது, விளக்கொளியில் இருந்த நகரம் அதற்கு நல்ல குறியாக அமைந்தது.

எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, என் நண்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டு நின்றான். “என்னடா, உங்க ஊர்க் கடல் மாதிரி இல்லையா?” என்று கேட்டேன். “மேலேர்ந்து பாத்தா கோடே தெரியலடா” என்றான். எனக்கு விளங்கவில்லை. திரும்பி வரும் இரவில் பேருந்தில் சொன்னான்.

அவன் வீட்டில் ஒரு படகு இருந்தது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரை கடந்தபோது அது நொறுங்கிப் போயிற்று. நம் மாவட்டத்தில் அந்தப் புயலை மறந்தவர் யார்? எங்கள் ஊர்ப் பக்கம் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. அவர்கள் பக்கம் தென்னையும் படகும். அன்று முதல் அவன் தந்தையார் பிறருடைய விசைப்படகில் கூலிக்குப் போகிறார். சுற்றுலாவுக்கு முந்திய மாதம் அந்தப் படகு எல்லை தாண்டியது என்று பிடிபட்டு, அவர் அக்கரையில் சிறையில் இருந்தார். அதை அவன் எங்களில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சுற்றுலாப் பணம் அவர் முன்பே கட்டியது. “போயிட்டு வா” என்று தாயார் அனுப்பியிருக்கிறார்.

“கரை எங்க இருக்குன்னு சொல்றதுக்கு லைட் அவுசு இருக்கு. கோடு எங்க இருக்குன்னு சொல்றதுக்கு ஒண்ணும் இல்லடா” என்றான். பாக் நீரிணையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் கடல் எல்லை 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையில் வரையப்பட்டது. கச்சத்தீவு அந்தக் கோட்டுக்கு அப்பால் போனதும் அப்போதுதான். வரைபடத்தில் அது தெளிவாக இருக்கிறது. நம் தேர்வில் கேட்டால் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிடுவோம். ஆனால் நீவாடு இழுக்கிற இரவில், வலை நீருக்குள் இருக்க, மீன் போகும் பக்கம் படகும் போக, அந்தக் கோடு எங்கே? கைக்கருவி சொல்லுமே என்று கேட்டேன். சொல்லும், எல்லாப் படகிலும் இருக்கிறது என்றான். ஆனால் மீன்பாடு கோட்டின் எந்தப் பக்கம் என்பதும் அவர்களுக்குத் தெரியும், கடனும் தெரியும். அக்கரையில் இருப்பவர்களும் வலை போட்டுப் பிழைக்கும் தமிழ் மீனவர்கள், அவர்கள் வலையை இக்கரை விசைப்படகுகள் அறுத்துப் போவதும் உண்டு என்று அவனே சொன்னான். அதற்கு மேல் அவன் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

சில வாரங்களில் அவன் தந்தையார் திரும்பி வந்தார். படகு வரவில்லை. நண்பன் கல்லூரிக்கு வருவது குறைந்தது; விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாட்களில் அவன் இருக்கை காலியாக இருக்கும். வருகைப் பதிவேடு அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, குறிப்பேடுகளைக் கொடுக்கும் சாக்கில் நான் அவன் ஊருக்குப் புறப்பட்டேன். அறந்தாங்கி வழியாகப் பேருந்து. வீட்டில் அவன் தாயார், “குன்றாண்டார்கோவில் தம்பியா? வாங்க, வாங்க” என்று வரவேற்று, மீன்குழம்பும் சோறும் போட்டார்கள். எங்கள் பக்கம் ஐஸில் வைத்து வரும் மீனுக்கும் இதற்கும் பெயர் ஒன்றே தவிர வேறு உறவில்லை. மாலையில் அவன் தந்தையார் வலை பிரித்துக்கொண்டு பேசினார். ஒடிந்து போனவர் போல் இருப்பார் என்று எதிர்பார்த்துப் போனேன், அப்படியில்லை. நிறையப் பேசினார். கைக்கருவி வருவதற்கு முன்னால் பகலில் எப்படி இடம் பிடித்தார்கள் என்று மணலில் கோடு போட்டுக் காட்டினார். கரையில் இரண்டு அடையாளங்கள் வேண்டும்: ஒரு பனையும் பள்ளிவாசல் மினாரும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரியும் இடத்தில் ஒரு கோடு. வேறு பக்கத்தில் கோயில் கோபுரமும் தண்ணீர்த் தொட்டியும் நேராகும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் நீருக்கடியில் பாறை, அங்கே மீன். நாங்கள் வடிவ கணிதத்தில் தலையைப் பிய்த்துக்கொள்வதை அவர் பனைமரத்தை வைத்துச் செய்து முடித்திருக்கிறார். “அந்தப் பனை கஜாவுல போச்சு தம்பி” என்றார்.

அடையாளங்கள் போவதை நம் கரை பலமுறை பார்த்திருக்கிறது. நாகப்பட்டினத்தில் சோழர் காலத்துப் புத்த விகாரத்தின் எச்சம் என்று ஒரு செங்கற் கோபுரம் நின்றிருந்தது. அதையும் கப்பலோட்டிகள் அடையாளமாகக் கொண்டிருந்தனர்; 1867இல் அதை இடித்துவிட்டார்கள். நாகூரில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்த பெரிய மினாரா நின்று நிலைத்திருக்கிறது. கோடியக்கரையில் சோழர் கலங்கரை விளக்கம் என்று காட்டப்பட்டு வந்த இடிபாட்டை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கொண்டு போயிற்று. பொன்னியின் செல்வனில் பூங்குழலியின் தந்தை காத்திருந்த விளக்கு அதுதானே என்று அங்கே தேடிப் போகிறவர்களுக்கு இனி கற்குவியலும் கற்பனையும்தான். ஆனால் கோடியக்கரையில் இன்றைய கலங்கரை விளக்கம் இருக்கிறது, இரவில் எரிகிறது. மீனவனுக்கு அது போதும்.

மறுநாள் ஞாயிறு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்று மல்லிப்பட்டினத்துக்கு அருகில் மனோராவைப் பார்த்தோம். கலங்கரை விளக்கம் என்று பலரும் சொல்வதுண்டு. அடுக்கடுக்காக, மேலே போகப் போகச் சிறுத்து, அகழி சூழ நிற்கும் அழகான கோபுரம். மினார் என்பதே மனோரா ஆயிற்று. கட்டியவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. எதற்காக? 1814இல் நெப்போலியன் வீழ்ந்ததற்காக! பிரிட்டிஷ் படைகளின் வெற்றியைக் கொண்டாடுகிறது கல்வெட்டு. நெப்போலியனுக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் என்ன உறவு ஐயா? சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த பேரறிஞர் சரபோஜி. அவர் மீது எனக்கு மதிப்புண்டு. ஆனால் ஆட்சியைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்ட அரசர் அந்தக் கம்பெனியின் வெற்றிக்குத் தூண் நாட்டியதைப் பார்க்கும்போது, அந்த மாடங்களில் ஒன்றிலாவது எண்ணெய் ஊற்றி விளக்கேற்றினார்கள் என்று மக்கள் நம்ப விரும்புவது ஏன் என்று எனக்குப் புரிந்தது. கோபுரம் உயரமாக இருந்தால் அது யாருக்காவது பயன்பட வேண்டும் என்று சாதாரண மக்கள் எண்ணுகிறார்கள். நண்பனோ, “ரெண்டு அடையாளத்துல ஒண்ணா வச்சுக்கலாம்” என்று அதற்கு மதிப்பெண் போட்டுவிட்டான்.

கலங்கரை விளக்கத்துக்கு இன்றைக்கு யார் எண்ணெய் அளக்கிறார்கள் என்பதை அறிந்துகொள்ள விரும்பினேன். நம் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்கள் அதற்கென ஒரு வரி செலுத்துகின்றன. 1927ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டம் அதற்கு வழி வகுத்திருந்தது. 2021இல் வந்த புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எங்கிருந்தோ நிலக்கரியும் எண்ணெயும் ஏற்றி வரும் கப்பல் உழக்கு எண்ணெய் அளக்கிறது. அந்த வெளிச்சத்தில் ஜெகதாப்பட்டினத்துப் படகும் வீடு திரும்புகிறது. செயற்கைக்கோள் பார்த்துச் சொல்லும் காலத்தில் இவை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் நண்பனின் தந்தையாரிடமே கேட்டேன். மின்கலம் தீர்ந்து போன ஓர் இரவைச் சொன்னார். மழை மூட்டம், கருவி செத்துவிட்டது, படகில் நான்கு பேர். அணியத்தில் நின்று இவர் பார்த்துக்கொண்டே இருந்தாராம். முதலில் மேகத்தின் அடியில் ஒரு வெளுப்பு. மின்னலா விளக்கா என்று தெரியாது. வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். மூன்று முறை எண்ணி மூன்று முறையும் கணக்கு ஒன்றாகவே வந்தபின்தான் சுக்கானைத் திருப்பச் சொன்னாராம். “மின்னலுக்குக் கணக்குத் தெரியாது தம்பி” என்றார்.

சனி இரவு நாங்கள் மூவரும் கரையில் உட்கார்ந்திருந்தபோது அவர் வடக்கே கை நீட்டினார். தொலைவில், வீட்டு விளக்குகளுக்கு மேலே, மெல்லிய ஒரு துடிப்பு. “அம்மாபட்டினம். எண்ணுங்க” என்றார். நான் எண்ணினேன். முதல் சுற்று நண்பன் பேசிக் கெடுத்தான். அவர் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாம் சுற்றில் எனக்கு ஓர் எண் வந்தது. மூன்றாம் சுற்றிலும் அதே எண். சொன்னேன். “சரி. இனி நீங்க வரலாம்” என்று சிரித்தார். கடலுக்கா என்று கேட்டேன். கரைக்கு என்றார்.

ஊர் திரும்பி அப்பத்தாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கடைசிப் பேருந்து வரும் வரை திண்ணை விளக்கை அணைக்கக்கூடாது என்று நாள்தோறும் சண்டை பிடிக்கும் அப்பத்தா, அந்த விளக்குக்கு ஆள் இருக்கிறதா, ராத்திரி தூங்கிவிட மாட்டானா என்று மட்டும் கேட்டது.

நண்பனுக்கு வருகைப் பதிவு குறைந்த விவகாரத்தில் எங்கள் தமிழ்ப் பேராசிரியரும் துறைத் தலைவரும் பேசி, அபராதம் கட்டித் தேர்வு எழுத அனுமதி பெற்றுத் தந்தார்கள். அபராதத்தை வகுப்பில் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டோம். அவன் வாங்க மறுத்தான். “உழக்குதாண்டா” என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்தேன். இரண்டு தாள்கள் பாக்கியுடன் மூன்றாம் ஆண்டுக்கு வந்திருக்கிறான். வாரத்தில் மூன்று நாட்கள் வருகிறான். மற்ற நாட்களின் பாடங்களை நான் எழுதி வைக்கிறேன். என் கையெழுத்து அவனுக்கு விளங்குவதில்லை என்பதுதான் இப்போது எங்களுக்குள் இருக்கும் ஒரே தகராறு.